கறை என்று உன் அம்மா குறிக்காத பொட்டுகள்

கண்ணு,

உனக்கு இன்னும் எழுதப் படிக்கத் தெரியாது. ‘அ’ போடு என்றால் ஒரு சுழி போட்டு, அதற்கு இரண்டு கண் வைத்து, நீயே சிரித்துக்கொள்கிறாய். இந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிறவள் வேறொருத்தி. வேலைக்குப் போகிறவளாக இருக்கலாம், கல்யாணத்துக்கு நாள் பார்த்தவளாக இருக்கலாம், இந்த ஊரை விட்டே போய்விட்டவளாகவும் இருக்கலாம். அவளை எனக்குத் தெரியாது. தெரியாதவளிடம் பேசுவது எனக்கு இப்போது சுலபமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். நானும் ஒரே மாதிரி தலையாட்டுகிறேன். பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதத்தில் நாலு நல்ல வார்த்தை இருக்க வேண்டும் என்பார்கள். என்னிடம் ஏதாவது இருந்தால் நடுவில் வரும். வராவிட்டால் மன்னித்துக்கொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவிநாசிபாளையம் ரோட்டில் நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில், துணியில் குறை கண்டுபிடிக்க ஒரு கேமரா இருக்கிறது. துணி ரோல் ஓடும்போது மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஓட்டையோ கறையோ வந்தால் மெஷினை நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போடும். எது கறை, எது கறையில்லை என்று அதற்குச் சொல்லிக் கொடுத்ததில் பெரும்பங்கு உன் அம்மா மெர்சிக்கு. அவள் சொல்லிக் கொடுத்ததில் ஒரு பகுதி தப்பு என்று இப்போது தெரிந்துவிட்டது. அதை எடுத்துவிட்டுக் கேமராவுக்குப் புதிதாகக் கற்றுக் கொடுக்க வேண்டும். செய்ய வேண்டியவன் நான். எடுத்தால், அவள் கண்ணால் பார்த்த விதம் இந்த உலகத்தில் கடைசியாக ஓடிக்கொண்டிருக்கும் இடத்தை நானே மூடுகிறேன். எடுக்காவிட்டால் கெட்ட துணி வெளியே போகும். இந்த வாரத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை.

உன் அம்மா தூத்துக்குடிப் பக்கம். அவள் அப்பா கட்டிங் மாஸ்டராக இங்கே வந்தபோது அவள் சின்னப் பிள்ளை. இங்கேயே வளர்ந்து, இங்கேயே எம்.எஸ்ஸி. கணக்குப் படித்தும் அவள் பேச்சு மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். என் வீடு பல்லடத்தில் தறி ஓட்டிய வீடு, முருகனைத் தவிர வேறு பேச்சில்லாத வீடு. நாங்கள் பார்த்துக்கொண்டது பல்லடத்தில் நகராமல் நின்ற ஒரு பஸ்ஸில். ஜங்ஷனில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. நான் கண்டக்டரிடம், “ஏனுங்க, வண்டி எப்பங்க நகருமுங்க?” என்று கேட்டேன். முன் சீட்டிலிருந்து ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். “ஒரு பஸ்ஸுக்கு எத்தன ‘ங்க’ போடுவீங்க? அது கனம் தாங்காமத்தான் நிக்கி” என்றாள். பஸ்ஸே சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்புறம் அவளே சமாதானம் பண்ணுகிற மாதிரி, மடியிலிருந்த புத்தகத்தின் பின் அட்டையில் நாலு புள்ளி போட்டு, நடுவில் ஒரு புள்ளி போட்டு, கோடு இழுத்துக் காட்டினாள். “இது கோயம்புத்தூரு, இது திருப்பூரு, இது தாராபுரம், இது உடுமல. நடுவுல இந்த ஊரு. இந்தப் புள்ளிய எடுத்துட்டா மிச்சமெல்லாம் தனித்தனியாப் போயிரும். இதுக்கு வெட்டுப்புள்ளின்னு பேரு.” நான் கம்ப்யூட்டர் படித்தவன், புள்ளியும் கோடுமாகப் போடும் இந்த கிராஃப் தியரி பரீட்சையில் நானும் பாஸ் பண்ணியவன்தான். ஆனால் அது இப்படி ஒரு பஸ்ஸுக்குள் நிற்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. “எடுத்துட்டாவா? அதான் இப்ப எடுத்துப்போட்டாங்களே, நிக்கறமுல்ல” என்றேன். “பரவால்லியே, ‘ங்க’ இல்லாமலும் பேச வருது” என்றாள்.

அப்போது நான் கேமராவை வைத்துத் துணி பார்க்கும் வேலையில் ஒரு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தேன். பனியன் துணி நெய்த துணி மாதிரி இல்லை. நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்து ஊசிகள் பின்னுவது. இழுத்தால் இழுபடும், விட்டால் சுருங்கும். ஒரே துணியைக் கேமரா இரண்டு தடவை பார்த்தால் இரண்டு துணியாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் அவளிடம் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது, தன் பனியன்துணிச் சட்டையின் ஓரத்தையே இழுத்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “நீங்க இத படமாப் பாக்கீங்க, அதான். இது கிராஃபு. ஒவ்வொரு கண்ணியும் ஒரு புள்ளி. நாலு பக்கமும் நாலு பேரப் புடிச்சிக்கிட்டு நிக்கி. துணிய எப்படி இழுத்தாலும் யாரு யாரப் புடிச்சிருக்கான்னு மாறாதுல்லா? பிடி விட்ட எடத்தத் தேடுங்க.” படத்தில் கண்ணிகளைக் கண்டுபிடிப்பது என் வேலை, கண்ணிகளுக்குள் கோடு போட்டு எங்கே பிடி விட்டிருக்கிறது என்று தேடுவது அவள் வேலை என்று பிரித்துக்கொண்டோம். ஓட்டை, ஊசி விட்ட கோடு எல்லாம் பிடிபட ஆரம்பித்தன. முதலாளி கேமராவைப் பெரிய செக்கிங் மெஷினில் மாட்டச் சொன்னார்.

இங்கே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாரோடாவது சேர்ந்து ஒரு வேலை செய்தால், எது யாருடையது என்று எங்காவது குறித்துவை. அன்பு இருக்கிற இடத்தில் அதெல்லாம் எதற்கு என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. இப்போது கேமராவுக்காக எழுதிய நிரலைத் திறந்தால் எந்த வரி அவள் யோசித்தது, எந்த வரி நான் அடித்தது என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆளும் இல்லை.

கறைதான் அடங்கவில்லை. கறை விழுந்த இடத்தில் எந்தக் கண்ணியும் பிடியை விடுவதில்லை. கிராஃபில் எல்லாம் சரியாகவே இருக்கும், துணி மட்டும் அழுக்காக இருக்கும். கறையைப் பொறுத்தவரை கேமராவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி அப்போது எங்களிடம் இல்லை. படத்தைத் திறந்து, கறையைச் சுற்றிக் கட்டம் போட்டு, ‘எண்ணெய்’, ‘சாயம்’, ‘துரு’ என்று பெயர் கொடுக்க வேண்டும். நிழல், மடிப்பு என்று சும்மா அழுக்கு மாதிரி தெரிவதற்குக் கட்டம் போட்டு, ‘குறை இல்லை’ என்று கொடுக்க வேண்டும். நீ பிறந்த பிறகு உன் அம்மா வீட்டிலிருந்து அந்த வேலையைப் பார்த்தாள். உன்னை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் உன்னைத் தட்டிக்கொண்டு, இன்னொரு கையால் கட்டம் போடுவாள். நீ அழுதால், “இரு தாயி, இந்த எண்ணெய் மட்டும்” என்பாள். உனக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. உன் முதல் வருஷத்தின் பகல்கள் அப்படித்தான் போயின.

பொட்டுக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். புது ஆர்டர் ஆரம்பிக்கும்போது, முதல் ரோலின் முனையில் முதலாளி தன் கையால் சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பார். அப்புறம்தான் ரோல் ஓடும். முனைத்துணியை எப்படியும் வெட்டி எறிந்துவிடுவார்கள், அதனால் நஷ்டமில்லை. ஆனால் செக்கிங் மெஷினில் துணியை முன்னும் பின்னுமாகச் சுற்றிச் சுற்றி எடுப்பதில் அந்தக் குங்குமம் முனையை அடுத்து நாலைந்து இடத்தில் ஒற்றிக்கொள்ளும், லேசாக. கேமரா எடுத்த படங்களில் அதுவும் வந்தது.

ஒரு மத்தியானம் அப்படி ஒரு படம் திரையில் இருந்தது. நான் பின்னால் நின்று, “இது சாயக் கறை, கட்டம் போடு புள்ள” என்றேன்.

“எது, இதா? இது பொட்டுல்லா.”

“பொட்டா இருந்தா என்ன, துணில பட்டாக் கறைதான்.”

“இத உங்க அம்மாட்ட போயி சொல்லுங்க பாப்போம்.”

“அம்மா எங்க வந்துச்சு இதுல?”

“ஒரு தடவ தொடச்சிட்டு நான் பட்டது போதும்ங்க. அந்தக் கேமரா என்ன பாவம் பண்ணிச்சு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கதை உனக்குத் தெரிந்திருக்காது. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடிந்து நாங்கள் பல்லடம் வீட்டுக்குப் போனபோது, அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஆரத்தி எடுத்து, மெர்சியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். நல்ல வெயில். வியர்வையில் குங்குமம் கண்ணுக்குள் வழிந்தது. இவள் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியை ஒரே துடைப்பாகத் துடைத்துவிட்டாள். எரிச்சல் தாங்காமல் செய்தது, வேறு ஒன்றுமில்லை. அம்மா தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு, “வெச்ச பொட்ட வாசல்லயே தொடச்சுப்போட்டயாக்கும்?” என்றார்கள். நீ வயிற்றில் வரும்வரை அந்த வீட்டில் அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் எல்லாம் சரியாயிற்று, அல்லது சரியான மாதிரி ஆயிற்று. ஆனால் அவள் மட்டும் அதற்குப் பிறகு ஒரு பொட்டையும் அழிக்க மாட்டாள். காலண்டரில், பால் குக்கரில், ஆயுத பூஜைக்கு என் லேப்டாப்பில் வைத்தது, எதுவானாலும் அதுவாக உதிர்ந்தால்தான் உண்டு.

அன்றைக்கும் அவள் அந்தப் படத்தில் கட்டம் போட்டு, ‘குறை இல்லை’ என்று கொடுத்தாள். அடுத்த படத்துக்கும், அதற்கடுத்த படத்துக்கும். நான் தடுக்கவில்லை. பொட்டை எதற்குக் கறை என்று சொல்ல வேண்டும் என்று எனக்கும் அந்த நேரத்தில் நியாயமாகவே பட்டது.

உனக்கு இரண்டு வயது முடிவதற்குள் அவள் போய்விட்டாள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று வெடித்தது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கிளை கிளையாகப் பிரிந்து போகிற குழாய்கள், ஒரு கிளையில் மட்டும் சின்ன வீக்கம். பார்த்ததுமே புள்ளிகளும் கோடுகளுமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷத்திலும் அப்படித்தான் தெரிந்தது. அழுகை வரவில்லை. இன்றுவரை சரியாக வரவில்லை. அவள் பேச்சு கொஞ்ச நாள் உன் வாயில் இருந்தது. ‘நிக்கி’, ‘பாக்கி’ என்பாய். இப்போது கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து, “வேண்டாமுங்க”, “ஊட்டுக்குப் போலாமுங்க” என்கிறாய். போன வாரம் ஒரு பல்லியைக் காட்டி, “அது நிக்குதுங்க” என்றாய். நான் திருத்தவில்லை. எதைத் திருத்துவது? நீ பேசியது சரிதான்.

கேமரா பற்றிய விஷயம் வெளிவந்தது இப்படித்தான். கைக்குழந்தைகளுக்கான வெள்ளைச் சட்டை ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சாயப்பட்டறையில் பக்கத்து மெஷினில் சிவப்பு ஓட்டியிருக்கிறார்கள். துளித் துளியாக வெள்ளைத் துணியில் தெறித்திருக்கிறது. கேமரா எதற்கும் நிற்கவில்லை. வெட்டி, தைத்து, பட்டன் வைத்து, கடைசிச் செக்கிங்கில்தான் மணியக்கா கண்ணில் பட்டது. மணியக்கா செக்கிங் பகுதியின் லீடர், ஆரம்பத்தில் எங்களோடு சேர்ந்து படங்களுக்குக் கட்டம் போட்டு லேபிள், அதாவது பெயர், கொடுத்தவர். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. முதலாளி கூப்பிட்டார். அவர் கோபப்பட்டால் மரியாதை கூடும்.

“வாங்க தம்பி. உக்காருங்க. டீ குடிச்சீங்களா?”

“ஆச்சுங்க.”

ஒரு சின்னச் சட்டையை மேஜையில் விரித்தார். உன் பழைய சட்டை அளவு. “இது என்னங்க?”

“செவப்புங்க.”

“அது எனக்கும் தெரியுதுங்க. மணிக்கும் தெரிஞ்சுதுங்க. வாசல்ல நிக்கற வாட்ச்மேனக் கேட்டீங்கன்னா அவரும் சொல்லுவாருங்க. உங்க கேமராவுக்கு ஏனுங்க தெரியல?”

தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, மாடிப்படி இறங்கும்போதே புரிந்துவிட்டது. இருந்தாலும் படங்களைத் திறந்தேன். வெள்ளையில் சின்ன வட்டமாகச் சிவப்பு. ஒவ்வொன்றின் மீதும் கேமரா கட்டம் போட்டிருந்தது. பார்க்காமல் விடவில்லை, கண்ணு. பார்த்து, ‘குறை இல்லை’ என்று போட்டிருந்தது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு யாரோ ஒருத்தி நிதானமாகப் போட்ட மாதிரி போட்டிருந்தது. அவள் போன பிறகு முதல்முறையாக வேறு யாரோடோ அறையில் இருக்கிற மாதிரி இருந்தது.

மேலே போய்ச் சொன்னேன். “அது பொட்டுன்னு நெனச்சுக்கிச்சுங்க.”

“யாரு, கேமராங்களா?”

“ஆமாங்க. முதல் ரோல்ல நீங்க வெக்கற பொட்டுங்க. அதக் குறை இல்லைன்னு சொல்லிக் குடுத்துட்டோமுங்க.”

முதலாளி தன் விரலைப் பார்த்துக்கொண்டார். “அப்ப நானே கெடுத்துப்போட்டனாட்ட இருக்குதுங்களே” என்று சிரிக்கப் பார்த்தார். அப்புறம், “சொல்லிக் குடுத்தது யாருங்க?” என்றார்.

“எங்க ஊட்ல இருந்தவங்கங்க.”

அவர் அந்தச் சட்டையைக் கையில் எடுத்தார். அதை மடித்து ஓரமாக வைத்தார். “பொறுமையாப் பண்ணுங்க தம்பி. ஆனாப் பண்ணிப்போடுங்க.”

இதுவரை எழுதியது போன வாரம். இனி எழுதுவது அதற்கப்புறம்.

எடுக்காமல் தப்பிக்க ஒரு வழி தேடினேன். பொட்டு ரோலின் முனையில்தானே இருக்கும்? முனையிலிருந்து கொஞ்ச தூரத்துக்குள் சிவப்பு இருந்தால் விட்டுவிடு, தாண்டி இருந்தால் நிறுத்து என்று கேமராவுக்குச் சொல்லலாம். அவள் சொன்னதும் இருக்கும், துணியும் தப்பிக்கும். இரண்டு நாள் அதிலேயே கிடந்தேன். சாப்பாடு இறங்கியது. மணியக்காகூட, “இன்னிக்கு மொகம் மனுச மொகமாட்ட இருக்குதுங்க தம்பி” என்றார். மூன்றாம் நாள் ரோல்களை எடுத்துப் பார்த்தால், பாதி ரோல்கள் தலைகீழாகச் சுற்றி வந்திருந்தன. மெஷினில் ஒருதடவை சுற்றினால் முனை வாலாகிறது, மறுதடவை வால் முனையாகிறது. பெரிய ரோலை இரண்டாக வெட்டினால் நடு முனையாகிவிடுகிறது. எது முதல் முனை என்று துணிக்கே தெரியாது. அந்த வழி அதோடு முடிந்தது.

சரி என்று, தப்பான லேபிள்களைக் கண்டுபிடிக்கும் முறையை ஓட்டினேன். கேமரா பார்த்த ஒவ்வொரு கறைப் படமும் ஒரு புள்ளி. ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும் படங்களுக்கு நடுவில் கோடு. எவ்வளவு ஒற்றுமையோ கோடு அவ்வளவு கெட்டி. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு படங்களுக்கு ஒருவர் ‘குறை’ என்றும் இன்னொருவர் ‘குறை இல்லை’ என்றும் போட்டிருந்தால் அங்கே சந்தேகம். மிகக் குறைவான கோடுகளை வெட்டி, ஒத்துப்போகாத கூட்டத்தைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். இதையும் எனக்குச் சொன்னது அவள்தான். “பக்கத்துப் பக்கத்துல இருக்கதுங்க ரெண்டும் வேற வேற பேசினா, ஒண்ணு பொய் சொல்லுது. எது பொய்யின்னு அதுங்களோட கூட்டாளிகளக் கேக்கணும்” என்று இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே சொன்னாள். எழுதி எங்காவது அனுப்பலாம் என்று இருந்தோம். அதற்குள் நீ வந்துவிட்டாய், அப்புறம் அவள் போய்விட்டாள். இப்போது அதே யோசனையை வைத்து எங்கெங்கோ இருப்பவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், எங்களுக்குத் தோன்றாததெல்லாம் இருக்கிறது. கறைக்கு ஒவ்வொன்றாகக் கட்டம் போட வேண்டிய காலமும் போய்க்கொண்டிருக்கிறது. எண்ண முடியாத படங்களைப் பார்த்து வளர்ந்த பெரிய ஏ.ஐ. மாடல்களுக்கு நாலு உதாரணம் காட்டினால் போதும் என்கிறார்கள். நான் படிக்கிறேன். படித்துவிட்டு, இதைக் கேள் மெர்சி என்று சொல்ல வாயெடுக்கிறேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

வெட்டு சுத்தமாக விழுந்தது. இந்தப் பக்கம் எல்லாம், அந்தப் பக்கம் ஒரு சின்னக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் எல்லாமே சிவப்பு வட்டங்கள். போட்டவர் பெயர் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் அவள் பெயர்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். எண்ணெய், துரு, சாயம் என்று அவள் போட்ட மற்றதெல்லாம் இந்தப் பக்கமே இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது, கேமரா அதிலிருந்து கற்றுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அவை மணியக்கா போட்டதோடும் நான் போட்டதோடும் அப்படியே ஒத்துப்போகின்றன. யார் போட்டிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். அங்கே அவளைத் தேடினால் கிடைக்க மாட்டாள். சரியாகச் செய்ததெல்லாம் எல்லோருடையதும் ஆகிவிட்டது. தப்பு மட்டும்தான் அவளுடையதாக இருந்தது. அவளைத் தவிர வேறு யாரும் அந்தப் படங்களுக்கு அப்படிப் போட்டிருக்க மாட்டார்கள். நல்ல பெயர் எடு, தப்பில்லாமல் வேலை செய் என்று பிள்ளைகளுக்கு எழுத வேண்டும். எழுதிக்கொள்கிறேன். அதனால் உன்னை யாரும் கண்டுபிடித்துவிட முடியாது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்கிறேன்.

ஒரு காப்பி எடுத்து வைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். ஆர்டர் கொடுக்கிற பையருடைய, அதாவது வாங்குகிற கம்பெனியுடைய, டிசைன் இருக்கிற படங்கள், வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை மீறியிருப்பேன், அதற்காக நிற்கவில்லை. கேமரா கற்றுக்கொண்ட ஃபைலைத் திறந்து பார்த்தேன். வெறும் எண்கள். அவள் சொன்னது, நான் சொன்னது, மணியக்கா சொன்னது எல்லாம் ஒன்றாகக் கரைந்த எண்கள். அவளை மட்டும் தனியாக எடுக்க முடியாது. முன்னால் துணி ஓடி, கேமரா பார்த்து, சிவப்பு வந்து, அதை அது விட்டுவிடுகிற அந்த ஒரு நொடியில்தான் அவள் இருந்தாள். துணி ஓடாத டப்பாவுக்குள் எண்களை வைத்து உன் கையில் கொடுத்தால் நீ என்ன செய்வாய்?

மத்தியானம் டீ நேரத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு எடுத்தேன். நாம் நினைப்பது மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஒரு வரி அடித்தேன், கூட்டம் போய்விட்டது. சாயத்துளிப் படங்களைச் சேர்த்து, கேமராவை மறுபடி கற்கவிட்டேன். வெளியே வந்தபோது மணியக்கா எனக்கு ஒரு டீயை மூடி வைத்திருந்தார். “ஆறிப்போச்சுங்க, வேற சொல்லட்டுங்களா?” என்றார். வேண்டாம் என்று குடித்துவிட்டேன்.

நேற்று புது ஆர்டர். முதல் ரோலை மெஷினில் ஏற்றினார்கள். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, என்னைப் பார்த்தார். “வெக்கலாங்களா தம்பி?”

“வையுங்க.”

வைத்தார். கற்பூரம் காட்டினார். ரோல் ஓட ஆரம்பித்தது. உடனே நின்றது. சிவப்பு விளக்கு. திரையில் பொட்டைச் சுற்றிக் கட்டம். மேலே ‘சாயக் கறை’.

“அடக் கெரகத்த, சாமி பொட்டுக்கே நிக்குதே” என்றார் மணியக்கா. “ஏனுங்க, இதுக்குக் கொஞ்சம் பயபக்தி சொல்லித் தரக்கூடாதுங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மெஷின் ஓட்டுகிறவர், பீகாரிலிருந்து வந்ததால் எல்லோரும் பையா என்று கூப்பிடுகிறவர், ஈரத்துணியை எடுத்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் அழுத்தித் துடைத்தார். வெளிறிய ஒரு தடம் மிஞ்சியது. மறுபடி ஓட்டியபோது அந்தத் தடத்துக்கும் நின்றது. முதலாளி குனிந்து தடத்தைப் பார்த்துவிட்டு, “நெம்ப நல்லா வேலை செய்யுதுங்க தம்பி” என்றார். பாராட்டுத்தான். “இனிமேலுக்குப் பொட்ட ரோல் மேல வேண்டாமுங்க. உள்ள இருக்கற அட்டைக் குழாய்ல வெச்சுக்கறேன்.” அடுத்த ரோலுக்கே அப்படித்தான் வைத்தார். துணியில் ஒன்றும் படவில்லை. கேமரா நிற்காமல் ஓடியது.

சாயந்திரம் வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சிவப்பு நூலைத் துண்டு துண்டாக வெட்டித் துணிமேல் போட்டுச் சோதித்தேன். எங்கே போட்டாலும் பிடித்தது. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பிடித்தது. ஒன்றாவது தப்பிவிடாதா என்று போட்டுக்கொண்டே இருந்தேன். மணியக்கா வந்து, “போதுமுங்க தம்பி, அதுதான் புடிக்குதில்லீங்க” என்று என் கையிலிருந்து நூலை வாங்கிக்கொண்டார்.

சரியாக வேலை செய்கிறது என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, காப்பகத்தில் உன்னை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உனக்குக் கொடுக்க உன் அம்மா பார்த்த பார்வையில் ஒரு துண்டு என்னிடம் இருந்தது, கண்ணு. அது தப்பாக இருந்தது. கேமராவுக்கு இப்போது அவளைத் தெரியாது.

அப்பா